ஒருத்தி ஒருத்தியாக எண்பது பேர்

அன்பு மகள் தெம்பீசாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், மூட்டுவலியும் என்னோடு நலம். நீயும் மாப்பிள்ளை லுண்டியும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இதைத் தபாலில் போட்டால் உனக்கு முன்னால் போலீஸ்காரன் படித்துவிடுவான், அதனால் லண்டனுக்குக் கப்பலேறும் பாதிரியார் மனைவியிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ வக்கீல் மூலம் அனுப்பிய படிவம் வந்தது. கையெழுத்துப் போட்டால் உன்னிடம் வந்துவிடலாம், ஆனால் அப்புறம் இந்த மண்ணில் கால் வைக்கவே கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அடுப்பில் சோளக்கஞ்சி கருகுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து அழுதேன். பேனாவையும் எடுத்தேன், உன்னிடம் என்ன மறைப்பு.

என் மேல் போட்ட தடையுத்தரவு எப்படி என்று கேட்டிருந்தாய். ஐந்து வருஷத்துக்கு நான் ஒரு நேரத்தில் ஒரே ஆளோடுதான் இருக்கலாம், இன்னொருவர் சேர்ந்தால் அது கூட்டம், எனக்கு ஜெயில். கறுப்பர் என்றால் சுமந்தே திரியவேண்டிய பாஸ் புத்தகத்தை நாங்கள் எரித்த அன்று இரண்டாயிரம் பெண்கள் இருந்தோம், அந்த வயிற்றெரிச்சல் சர்க்காருக்கு. இப்போது நம் தெரு இனி வெள்ளைக்காரருக்கு மட்டும், செவ்வாய்க்கிழமை லாரி வரும், சாமானோடு ஏறிப் பொட்டல்காட்டுக்குப் போங்கள் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஏறாதீர்கள் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் தையல் மிஷின் இருக்கிறதே. அளவு கொடுக்க ஒருத்தி வருவாள், இடுப்பில் டேப்பைச் சுற்றிக்கொண்டே சொல்லவேண்டியதைச் சொல்வேன், அவள் போனதும் அடுத்தவள். ஒரு மாதத்தில் எண்பது பேர். இத்தனை பாவாடை இந்தத் தெருவில் யாருக்கடி தேவை.

எதிரே காரில் உட்கார்ந்து வருகிறவர்களை எண்ணுகிற சார்ஜண்ட் பெஸ்டருக்கும் சந்தேகம்தான். போன வாரம் நிறைமாதக்காரி ஒருத்தி வந்திருந்தபோது உள்ளே நுழைந்து எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று அதட்டினான். வயித்துல இருக்கிறதையும் எண்ணிக்கங்க சார், அது கையைத் தூக்குச்சுன்னா கூட்டம்னு எழுதிக்கங்க என்றேன். அவன் நிஜமாகவே நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டு போனான். வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம்தான் உறைத்தது, நாளைக்கு நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் உங்கள் இரண்டு பேரையும் நான் சேர்த்துப் பார்க்க முடியாது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பக்கத்து வீட்டு மாரடேபே மேசையில் படிவத்தைப் பார்த்துவிட்டாள். மககிட்ட போறதுன்னா போடி, யாரு தடுக்கிறா, திங்கக்கிழமையே சொல்லிடு, நானும் லாரியில ஏத்தக் கட்டிலைக் கழட்டி வெச்சிடறேன் என்று சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். எண்பது பேரிடம் லாரியில் ஏறாதே என்று சொன்னவள் நான் மட்டும் கப்பலேறினால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது. நான் வரவில்லை தெம்பீசா. கோபித்துக்கொள், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஆஸ்பத்திரியில் ரொம்ப நேரம் நின்று வேலை பார்க்காதே, நர்ஸம்மா என்றால் கால் வீங்காதா. லுண்டியைச் சமைக்கச் சொல், கை தேயாது. வக்கீல் படிவத்தைக் கேட்டால் நல்ல கெட்டித்தாள் என்று சொல், அதை வெட்டித்தான் இந்தப் பொட்டலத்திலுள்ள சட்டைக்கு மாதிரி எடுத்தேன். கழுத்தைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருக்கிறேன், குழந்தை வளரும்.

ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் இரண்டு உயிராகப் பிரித்துச் சுகமாகக் காக்கட்டும். பிறந்ததும் எழுது. மறந்துவிடாதே, பழைய முகவரியே போடு, அதே தெரு, அதே கதவு எண்.

உன் அம்மா,
நோசிஸ்வே