வலது கைக்கு ஒரு டார்ச்

ஜனவரி 7, ஞாயிறு. கல்கத்தா
பனி. எதிர்வீடு தெரியவில்லை. துணி காயாது.
அந்தமானிலிருந்து போன். டைவிங் சொல்லித்தரும் வங்காளி, தபன்தா; அவருக்கு நான் 'திதி', அக்கா. பகல் டைவ் எல்லாம் போன வருடமே அவரிடம் முடித்தாயிற்று. இப்போது பவளப்பாறையில் இரவு டைவ் கேட்டிருந்தேன். அவர் சொன்னது: "இடது கை, மிதக்குற ஜாக்கெட்டுல காத்து ஏத்தி இறக்குற பட்டனுக்கு வேணும். டார்ச் வலது கையிலதான். நீங்களே போட்டு அணைக்கணும். முடியலேன்னா ராத்திரி டைவ் இல்ல, திதி."
என் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். மற்ற மூன்றும் சின்ன வயதில் கிரைண்டரில் போயின.
அம்மா: "பகல்ல முங்கினது பத்தாதா? பேசாம இருடி."
இருக்கப் போவதில்லை.

ஜன. 9, செவ்வாய்
பேங்கில் அரை நாள் லீவு. கிதிர்ப்பூர், கப்பல் சாமான் கடை.
முதல் டார்ச்: தலையைத் திருகினால் எரியும். இரண்டு கை வேண்டும். வேண்டாம்.
அடுத்தது மெலிசு. பட்டன் கல் மாதிரி.
மூன்றாவது: துப்பாக்கி போலப் பிடி, கட்டைவிரலுக்கு எட்டும் தள்ளு சுவிட்ச். தூக்கினேன். நழுவியது. கடைக்காரர் பிடித்துக்கொண்டார். கையைப் பார்த்தார். "கூட வர்றவங்க வெளிச்சத்துல பாத்துக்கலாமே, திதி?"
"எனக்கு என் வெளிச்சம் வேணும். ஒரு பக்கெட் தண்ணி கொண்டு வாங்க."
சிரித்தார். நான் நகரவில்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து பக்கெட் வந்தது.
தண்ணீருக்குள் பாதி கனம்கூட இல்லை! தள்ளினேன், எரிந்தது. தள்ளினேன், அணைந்தது. திரும்பத் திரும்ப. வேடிக்கை பார்க்கக் கூட்டம். பார்க்கட்டும்.
வாங்கிவிட்டேன்.

ஜன. 13, சனி
லேக் மார்க்கெட்: கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம். பொங்கல் கூட்டம், கால் மிதிபட்டது.
பழைய பையின் வாரை வெட்டி டார்ச் பிடியில் தைத்தேன். புறங்கையைச் சுற்றிக்கொள்கிறது. இனி நழுவாது.
மாடி வீட்டு மாமி வந்தார். அம்மா என் காதோரம், "கைய முந்தானைக்குள்ள வெச்சுக்கோ." டார்ச்சை மாட்டிய கையை நீட்டி மாமிக்கு விளக்கம் சொன்னேன். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

பிப். 3, சனி. அந்தமான்
கடல் அமைதி. இருட்டியதும் இறங்கினோம். பயம்தான். என் வெளிச்சம் விழுந்த இடம் தவிர உலகமே இல்லை. பகலில் சாம்பலாகப் பார்த்த பவளம், அந்த வெளிச்சத்தில் ரத்தச் சிவப்பு. இடுக்கில் தூங்கும் கிளிமீன்.
தபன்தா தன் டார்ச்சால் மணலில் வட்டம் போட்டார்: சரியா? நானும் போட்டேன்: சரி.
தன் டார்ச்சை அணைத்து, என்னையும் அணைக்கச் சைகை காட்டினார். கட்டைவிரல். முழு இருட்டு. கையை வீசினேன், சுற்றிலும் நீலப் பொறிகள், தண்ணீர் அசைந்தால் மினுங்கும் நுண்ணுயிர்கள். அழுதேன் போல, முகமூடிக்குள் யாருக்குத் தெரியும். மறுபடி கட்டைவிரல். எரிந்தது.
படகில் டில்லிக்காரர் ஒருவர்: "இந்தக் கையோடயா இறங்கினீங்க?"
"வேற கை இல்லையே."
நாளைக்கும் பெயர் கொடுத்தாயிற்று.