சூப்பில் இருந்த உப்பு

அன்பு மகள் சாம்பவிக்கு,

மொன்றியலில் அம்மா நல்ல சுகம். மெல்பேர்ணில் நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறோம். என் சுகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும், பயப்படாமல் கடைசிவரை வாசி. போன மாதம் டொக்டர் என் பிரஷரை இரண்டு தரம் அளந்துவிட்டு, இது இறங்காமல் மெல்பேர்ணுக்கு அவ்வளவு தூரம் பறக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் தந்த பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன், ஊறுகாயையும் கருவாட்டையும் அம்மா ஒளித்துவிட்டாள், பிறகு ஏன் ஏறுகிறது என்று எனக்கு டொக்டர் மேல்தான் கோபம். அவர் என்னை உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் அனுப்பினார். அவளும் நம் பிள்ளைதான், அஜந்தா என்று பெயர். ஒரு கிழமை சாப்பிட்டதையெல்லாம் எழுதி வரச் சொன்னாள். அதில் நான்கு நாள் ஃபோ என்று இருந்தது. இங்கே வியட்நாம்காரர் கடையில் விற்கும் கோழி சூப், அரிசி நூடில்ஸும் பச்சை இலைகளும் போட்டது. எண்ணெய் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, இதைவிடச் சத்தான சாப்பாடு எது என்று பெருமையாகக் கேட்டேன். நல்லதுதான், எப்படிச் சாப்பிடுவீர்கள் என்றாள். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்துவிடுமென்று பயந்து நூடில்ஸைத் தள்ளிவைத்துவிட்டு, வீட்டில் ரசம் குடிப்பதுபோலக் கோப்பையைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடிப்பேன் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயா, ஒரு நாளைக்குரிய உப்பு கிட்டத்தட்ட முழுக்க அந்தத் தண்ணியிலைதான் இருக்கு. நீங்கள் சாப்பாட்டை வைச்சிட்டு உப்பைக் குடிச்சிருக்கிறியள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூட வந்திருந்த அம்மா வீடு வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாள். இப்போது கோழியும் இலையும் முழுதாக, நூடில்ஸ் பாதி, சூப்பில் ஐந்து கரண்டி, அதுவும் கிழமைக்கு ஒருநாள். மூன்று கிழமையில் பிரஷர் நன்றாக இறங்கிவிட்டது. வியாழக்கிழமை டொக்டர் பயணக் கடிதம் தருவார், தராமல் நான் கதிரையை விட்டு எழும்பப் போவதில்லை. நீ இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணீரோடு போடாதே, மறந்துவிடாதே.

நீ ஊரில் பிறந்தபோது நான் இங்கே அகதி வழக்கோடு நின்றேன். மூன்று வயதில் மிராபெல் விமான நிலையத்தில் என்னைக் கண்டதும், யாரோ என்று அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாய். அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை. உன் பிள்ளைக்கு நான் யாரோவாக இருக்கமாட்டேன். அது பிறக்கும்போது வாசலில் நிற்பேன். நல்லூரான் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

அன்புடன் ஆசீர்வதிக்கும்
அப்பா
அரியரத்தினம்