பெங்களூரா வரலை

கோவை
8.7.2024

அன்பு மாதேஸ்,

பத்து நாளாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. நீ என்னைச் சேர்த்துவிட்ட உங்கள் வாட்ஸ்அப் குரூப்பையும் காணோம். கோபமா, ரிப்பேரா? எதுவானாலும் என்னைத் தாளைத் தேடவைத்துவிட்டாய், ராட்சசி. பர்கூர் ஹாஸ்டலில் கட்டிலுக்குக் கட்டில் சீட்டு எழுதிப் போடுவோமே, அதற்கப்புறம் உனக்கு நான் கையால் எழுதுவது இதுதான்.

செமினார் பிரமாதமாக முடிந்தது. நான் வாசித்த கட்டுரை அச்சிலும் வரப்போகிறது. சமூக வலைத்தளமும் சப்ளை செயினும் என்பது எல்லோருக்கும் பொதுத் தலைப்பு. மற்றவர்கள் சென்சார், சாஃப்ட்வேர் என்று பேசினார்கள். நான் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பைத் திரையில் போட்டேன். பெங்களூரிலிருந்து உங்கள் கம்பெனிக்குப் பார்ட்ஸ் லாரி வராவிட்டால் லைன் நிற்கும், கான்ட்ராக்ட் ஆட்களை வாசலோடு திருப்பி அனுப்புவார்கள். அது கம்பெனி சாஃப்ட்வேருக்குத் தெரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே உங்கள் பத்துப் பேருக்கும் தெரிந்துவிடுகிறது. 'பெங்களூரா வரலை' என்று ஒரே வரி. அதைப் பார்த்தால் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. லாரிக்கு எங்கள் ஊர் மாங்காயின் பெயர் என்று நான் சொன்னதும் அரங்கமே சிரித்துக் கைதட்டியது. முதல் வரிசையில் இருந்த ஓசூர் கம்பெனிக்காரர்கள் போட்டோகூட எடுத்தார்கள்.

பயப்படாதே. நீ கேட்டபடி பெயரையும் நம்பரையும் கறுப்புப் பூசி மறைத்துவிட்டேன்.

வேப்பனப்பள்ளித் தோட்டத்தில் இன்னும் காய் இருக்கிறது. உனக்கு ஒரு கூடை எடுத்துவைக்க அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உன்
சரிதா


ஓசூர்
14.7.2024

சரிதாவுக்கு,

ரிப்பேர் இல்லை. குரூப்பைக் கலைத்துவிட்டோம். எதை எழுதினாலும் யார் கண்ணில் படுமோ என்று நான் சிம்மையே கழற்றிவிட்டேன்.

நீ பெயரைத்தான் மறைத்தாய். லைனில் பெங்களூரா என்றாலே ஜெயமணி அக்கா என்று சூப்பர்வைசருக்குக்கூடத் தெரியும். தினமும் டப்பாவில் அந்தக் காயை அறுத்து, மிளகாய்ப்பொடி போட்டு எல்லோருக்கும் நீட்டுகிறவள் அவள்தான். லாரிக்கு அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான். லாரியை ஓட்டுகிறவர் அவள் வீட்டுக்காரர் வெங்கட். போட்டோ கம்பெனிக்கு வந்த மறுநாளே இரண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

கேட்டில் நின்று அக்கா என்னை ஒன்றுதான் கேட்டாள். "அவ உன் ஃபிரெண்டுன்னுதான குடுத்த, மாதேஸு?" திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மற்ற எட்டுப் பேரும் கேன்டீனில் நான் உட்கார்ந்தால் எழுந்து போகிறார்கள்.

அக்காவுக்கு வேறொரு கம்பெனியில் சொல்லிவைத்திருக்கிறோம். இது அச்சில் வந்தால் அங்கேயும் கதவைச் சாத்திவிடுவார்கள். எனக்காக ஒன்று செய், சரிதா. கட்டுரையிலிருந்து அந்த வார்த்தையை மட்டும் எடுத்துவிடு.

மாதேஸ்வரி


கோவை
18.7.2024

மாதேஸ்,

படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். உடனே என் பிஎச்.டி. கைடிடம் போய்க் கேட்டேன். கட்டுரைக்கு உயிரே அந்த வார்த்தைதான், தலைப்பே அதுதான், எடுத்தால் என்ன மிச்சம் என்றார். அச்சுக்குப் போக இன்னும் நாலு நாள் இருக்கிறது. நான் பிடிவாதமாக நின்றால் எடுக்கலாம்தான். ஆனால் மூன்று வருட உழைப்பு. வீட்டில் கல்யாணப் பேச்சை இதைக் காட்டித்தான் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறேன். எனக்குத் தைரியம் வரவில்லை. கூடப் படித்தவள் நீ, உனக்குப் புரியும்.

28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். ஜெயமணி அக்கா காலில் விழுகிறேன். நீ பஸ் ஸ்டாண்டில் நிற்பாயா?

உன்
சரிதா


ஓசூர்
23.7.2024

சரிதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு நாள் இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை எழுதாமல் விட்டிருந்தால், கைடு மேல் பழியைப் போட்டு என் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

அந்தக் கம்பெனியில் அக்காவை எடுக்கவில்லை. இப்போது பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறாள். நேற்று போய்ப் பார்த்தேன். பழையபடி டப்பாவைத் திறந்து காயை நீட்டினாள். விரலெல்லாம் முள் கீறியிருந்தது. வாங்கிக்கொண்டேன், தின்ன முடியவில்லை.

கேட்டில் அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை. குரூப்பை வெளியே கொடுத்தது நான்தான் என்று கம்பெனியில் சொன்னால் என் வேலையும் போய்விடும் என்று பயந்தேன். அதனால் உன் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. புரிந்தும் மனசு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் என்று எழுதியிருந்தாய்.

பெங்களூரா வரலை, சரிதா.

மாதேஸ்வரி