'கட்' சொன்னால் அணைக்கும் கை

அன்பு மகள் ஷைனிக்கு, அப்பா எட்வர்ட் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. போனில் சொன்னால் டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் முதலாளி வெங்கட்ரமணன் சார் இப்போது சினிமா எடுக்கிறார். கும்மிடிப்பூண்டியில் கம்பி மில், நீ ஃபீஸ் கட்டாமல் படித்த பள்ளிக்கூடம், இதெல்லாம் போதாதா, ஒரு மனுஷனுக்கு எத்தனை ஆசை என்று எனக்கு ஒரே ஆச்சரியம். போன வாரம் மில்லிலேயே ஷூட்டிங். மோட்டார் சுவிட்சில் வழக்கம்போல நான். ஷூட்டிங்குக்காகக் கம்பியை உள்ளே விடாமல் மெஷினை மெதுவாக ஓட்டினோம், சத்தம் பாதிகூட இல்லை. நடிகர் நாலு அடி நடந்ததும் டைரக்டர் கட் என்றார், நான் மோட்டாரை அணைத்துவிட்டேன். கம்பி சிக்கினால் நாங்கள் கத்துவதும் அதே வார்த்தைதானே. எல்லோரும் சிரித்தார்கள். மோட்டாரைத் திரும்ப ஓடவிட்டுச் சீராக்கக் கால்மணி நேரம் வீண். மறுபடி எடுத்தபோதும் கை தானாகப் போயிற்று. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

சார் தனியாகக் கூப்பிட்டு, திட்டாமல், ஏன் இப்படி என்று கேட்டார். ஜோசப் மாமாவுக்கு மில்லில் வலது கை போனது உனக்குத் தெரியும், அன்று சுவிட்சில் நின்றது நான் என்று உனக்குச் சொன்னதில்லை. அவன் கட் என்று கத்தியதாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். அந்த இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. இதையெல்லாம் சொல்லி சாரிடம் அழுதுவிட்டேன். அவர் படத்திலும் ஒருவனுக்குக் கை போகிறதாம், அவன் குடித்திருந்ததாக எழுதியிருந்தார்களாம். அந்த வரியை அடித்துவிடச் சொல்லிவிட்டார். மறுநாளே மெஷின் பக்கமெல்லாம் இழுத்தால் மோட்டார் நிற்கிற கயிறு கட்ட ஆள் வந்தது. ஜோசப்புக்குக் கை போய்ப் பன்னிரண்டு வருஷமாக இது ஏன் தோன்றவில்லை என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜோசப்பிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் எங்கடா கத்தினேன்? கை உள்ள போனப்போ வாயே வரல. இத்தினி வருசமா இத்த நெனச்சிக்கினா பேஜார் பட்டுக்கினு இருந்த?" என்றான்.

நிஜமாகவே கத்தவில்லையா, என் மனசுக்காகச் சொன்னானா, எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் அவன் பொய் சொல்ல மாட்டான். நீயே கேள் ஷைனி. எந்தப் பதிலானாலும் மறைக்காமல் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அப்பா,
எட்வர்ட்