மேலுதட்டுப் புள்ளி

உ
அருப்புக்கோட்டை
18-1-1997

அன்புத் தங்கை தங்கச்செல்விக்கு அக்கா சண்முகவடிவு எழுதுவது.

பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. பண்டிகைக்கு உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அத்தான் வத்தல் லோடு ஏற்றத் தூத்துக்குடி போயிருக்கிறார். மழை இந்த வருடமும் திருச்சுழிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். சுகப்பிரியாவின் மேலுதட்டில் மிளகு அளவு வெள்ளை இருந்ததே, அது இப்போது துவரம்பருப்பு அளவு ஆகிவிட்டது. பவுடர் போட்டால் மறைகிறது, காப்பி குடித்தால் தெரிகிறது. போன மாதம் காரியாபட்டியிலிருந்து பெண் பார்க்க வந்த அம்மாள், டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டாள்: "பிள்ளைக்கு வாயில என்ன, சுண்ணாம்பு பட்டிருக்கா?" காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்கள். அன்றிலிருந்து உன் மகள் கண்ணாடி பார்ப்பதில்லை. உன் மகள் என்றுதான் எழுதுவேன். அவளுக்கு என்னைவிட உன்னிடம்தான் ஒட்டுதல்.

இப்போது பாலவனத்தத்திலிருந்து நல்ல இடம் கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை ஜெயக்குமார், விருதுநகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். சித்திரையில் வருகிறார்கள். தோலுக்குள் ஊசியால் கலர் ஏற்றிப் புருவமும் உதடும் வரைகிற வேலையைப் படிப்பதாகவும், அது சில வருடம் அழியாமல் நிற்கும் என்றும் நீ எழுதியிருந்தாயே, அதை வந்து இவளுக்குச் செய்.

அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கேட்கிறேன். நானும் இந்த ஊரில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள்தான். யாரிடமும் போய்க் கற்றதில்லை, புத்தகத்துப் படங்களைப் பார்த்தே கற்றேன். என்னிடம் வந்த எந்தப் பெண்ணும் அழுதுகொண்டு போனதில்லை. என் பெண்தான் அழுகிறாள்.

உன் அக்கா
சண்முகவடிவு


பம்பாய்
2-2-1997

அன்பான அக்காவுக்கு உன் செல்வி வணங்கி எழுதுவது.

கார்டு போடாதது என் தப்பு. பகலில் பார்லர், சாயங்காலம் பயிற்சி, நாக்குத் தள்ளுகிறது. சுகப்பிரியாவை நினைத்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனால் நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது அக்கா. கோபப்படாமல் கடைசி வரை படி.

இங்கே எங்களுக்குப் பயிற்சி நடத்துகிறவர் ஒரு தோல் டாக்டரம்மா. இன்னும் மனுசத் தோலைத் தொட விடவில்லை. ரப்பர் தாளிலும் வாழைப்பழத் தோலிலும்தான் குத்திப் பழகுகிறோம். பழத்தோல் கிழிந்தால் அன்று முழுக்க அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. ஊசியை வருகிறவர் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும், ஒருவருக்குக் குத்தியதை அப்படியே ஒழித்துவிட வேண்டும். கையுறை வேண்டும். கலரைப் பகல் வெளிச்சத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், டியூப் லைட்டில் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

இதற்கெல்லாம் முன்னால் யார் யாருக்கு இதைச் செய்யக் கூடாது என்று எழுதிப் படிக்க வைத்தார். அதில் வெண்புள்ளிக்காரர்களும் உண்டு. புள்ளி வளராமல், புதிதாக ஒன்றும் வராமல் ஒரு வருடம் அப்படியே நின்றால் மட்டும்தான் யோசிக்கலாம். வளர்ந்துகொண்டிருக்கிற நேரத்தில் ஊசி பட்டால், பட்ட இடமெல்லாம் வெளுத்துவிடலாம். துவரம்பருப்பு ஆகிவிட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அவளை மதுரையில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டு. இது தொற்றுகிற வியாதி இல்லை என்று பாலவனத்தத்தாரிடம் சொல்லிவிட்டே பெண்ணைக் காட்டு. என்னைத் திட்ட வேண்டும்போல் இருந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

செல்வி


உ
அருப்புக்கோட்டை
29-4-1997

தங்கச்செல்விக்கு அக்கா எழுதுவது.

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நல்ல சேதி வந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன். சுகப்பிரியாவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. ஆவணியில் கல்யாணம்.

சொல்லிவிட்டுப் பெண்ணைக் காட்டு என்று பம்பாயில் உட்கார்ந்துகொண்டு எழுதிவிட்டாய். இந்த ஊரில் இதற்கு வைத்திருக்கிற பெயர் வெண்குஷ்டம். அந்தப் பெயர் ஒரு வாயிலிருந்து வந்தால் அன்று சாயங்காலமே பாலவனத்தத்தில் கேட்கும். மதுரை டாக்டர் வீட்டு வாசலில் நம் ஊர்க்காரன் ஒருவன் பார்த்தால் போதாதா?

நீ வரமாட்டேன் என்ற பிறகு நானே செய்தேன். உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தேன். ஊசி புதிது. கையுறை மெடிக்கலில் வாங்கினேன். பங்குனிப் பொங்கலுக்கு வந்திருந்த பச்சை குத்துகிறவளிடம் மை வாங்கி, காவிக்கல்லை அரைத்துச் சலித்துச் சேர்த்து, முற்றத்து வெளிச்சத்தில் அவள் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். நீ எழுதியதில் அந்த ஒரு வருடத்தைத் தவிர எதையும் விடவில்லை. ஒரு வருடம் காத்திருக்க மாப்பிள்ளை என்ன மாமன் மகனா?

கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. முதலில் என் மேலுதட்டிலேயே குத்திப் பார்த்தேன். பொருக்கு உதிர்ந்தது, கலர் நின்றது. வெளுக்கவும் இல்லை, சீழ் வைக்கவும் இல்லை. என் வயிற்றில் பிறந்தவளுக்கு என் தோல்தானே இருக்கும்?

உட்கார வைத்தபோது அவள் கேட்டாள்: "ஏம்மா, ஒனக்கு அங்க புள்ளி இருந்துச்சா?"

"தோலுன்னா எல்லாம் தோலுதான். வாய மூடு, கோணிக்கிட்டுப் போகும்" என்றேன்.

"சித்தி வாழப்பழத்துல குத்துது. அதுக்கு வலிக்காது, எனக்கு வலிக்கும்ல" என்று சிரித்தாள். வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா முகத்துக்கு நேரே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பிள்ளை லட்சணமா இருக்கு. கடையில வந்து எம் மகனுக்கு ஒத்தாசையா இருக்குமா?" என்று கேட்டாள். காப்பியைக் குடித்தார்கள். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? உன் டாக்டரம்மாவிடம் சொல், சர்டிபிகேட் இல்லாத கையும் கைதான் என்று.

உன் அக்கா
சண்முகவடிவு


உ
அருப்புக்கோட்டை
17-6-1997

செல்வி, இதைப் பார்த்ததும் புறப்படு.

பொருக்கு உதிர்ந்து நன்றாகத்தான் இருந்தது. வைகாசியில் ஓரம் வெளுக்கத் தொடங்கியது. வெயில் என்று நினைத்தேன். இப்போது நடுவில் நான் வைத்த கலர், அதைச் சுற்றி வெள்ளை, கோலத்துக்குக் கரை கட்டினதுபோல. ஊசி கொஞ்சம் தள்ளிப் பட்ட இடங்களிலும் பொட்டுப் பொட்டாக வெளுத்திருக்கிறது. வாய்க்கடையிலும் ஒன்று வந்துவிட்டது, அங்கே நான் தொடவே இல்லை. பவுடர் நிற்க மாட்டேன் என்கிறது, இந்த வேக்காட்டில் வேர்த்து வழிந்துவிடுகிறது.

ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்க வருவதாகப் பாலவனத்தத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வேறு வழி தெரியாமல் வாசலில் வேப்பிலை செருகிவிட்டேன். பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. வேப்பிலை இருக்கிற வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா இளநீரும் நுங்கும் வாங்கி அனுப்பினாள். ஆத்தா மனது குளிர்ந்து பிள்ளை எழுந்திருக்கிற வரை ஒருவேளைச் சாப்பாடுதான் என்று விரதம் பிடிக்கிறாளாம். சுகப்பிரியா அந்த இளநீரைக் குடிக்கவில்லை, கொட்டவும் விடவில்லை. அறையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

அம்மை என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? ஆவணிக்கு முன்னால் வந்து கலரைப் பரப்பிச் சரி செய்துவிட்டுப் போ. தாலி ஏறினால் போதும், பிறகு நடப்பது நடக்கட்டும். நீ எழுதியது நடந்துவிட்டது என்று குத்திக்காட்டத்தான் நினைப்பாய். குத்திக்காட்டிக்கொண்டே வா. ஆனால் வா.

உன் அக்கா


பம்பாய்
25-6-1997

அக்காவுக்கு,

குத்திக்காட்ட எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தைக் கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் விவரம் சொன்னேன். இனி ஒரு ஊசி பட்டாலும் இன்னும் பரவும் என்கிறார். என்னால் வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள முடியும். ஊசியைத் தொட முடியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேப்பிலையை எடுத்துவிட்டு, அத்தானைக் கூட்டிக்கொண்டு பாலவனத்தம் போ. அந்த அம்மாளிடம் உள்ளதைச் சொல். நம் பிள்ளைக்காகப் பட்டினி கிடக்கிற மனுஷி, ஒருவேளை ஏற்றுக்கொள்ளலாம். தாலி ஏறின பிறகு தெரிந்தால் அடி வாங்கப்போவது நீயோ நானோ இல்லை, அவள்தான்.

செல்வி


உ
அருப்புக்கோட்டை
14-7-1997

தங்கச்செல்விக்கு,

உன் ஆசை நிறைவேறிவிட்டது. நேற்று மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். தெருவில் நின்றுகொண்டு, நிச்சயத்துக்கு நாங்கள் மாப்பிள்ளைக்கு வைத்துக் கொடுத்த பட்டு வேட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு பேசினாள்.

"புள்ளியக்கூடப் பொறுத்திருப்பேன். ஆத்தா பேரச் சொல்லி ஏமாத்திட்டீகளே. எம் பிள்ளைக்காகவா கெடந்தேன்? ஒம் பிள்ளைக்காகல்ல வெறும் வயித்தோட கெடந்தேன்!"

வேட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு என்னிடம் மேக்கப் சொல்லியிருந்த வீட்டார் இன்று காலையில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அத்தான் என்னிடம் பேசுவதில்லை.

அவர்களுக்கு எழுதிப் போட்டது நீதான். வேறு யாருக்குத் தெரியும்? உன் கையில் தூக்கிக் கொடுத்த பிள்ளையின் வாழ்க்கையை உன் பாடத்துக்குப் பலி கொடுத்துவிட்டாய்.

நான் விடமாட்டேன். திருச்சுழியில் ஒரு இடம் சொல்கிறார்கள், இரண்டாம் தாரம். அவர்கள் வருவதற்குள் வெளுத்த இடத்தையெல்லாம் நானே மூடப்போகிறேன். புது ஊசி வாங்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. கேட்டதற்கு அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

சண்முகவடிவு


பம்பாய்
22-7-1997

அக்காவுக்கு,

சுகப்பிரியா பத்திரமாக வந்து சேர்ந்ததற்குத் தந்தி கொடுத்தேன், கிடைத்திருக்கும். மதுரையில் தனியாக ரயிலேறி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டே வந்திருக்கிறாள். இங்கே யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பாலவனத்தத்துக்கு நான் எழுதவில்லை அக்கா. இவள்தான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாப்பிள்ளை கடைக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். "அவுக அம்மா எனக்காகப் பட்டினி கெடக்காக சித்தி. அந்த எளநிய நான் எப்படிக் குடிக்க?" என்றாள். அந்தப் பையன், "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றானாம். பிறகு போன் வரவில்லை.

ஏன் கிளம்பி வந்தாய் என்று கேட்டேன். "அம்மாவ எதுத்துப் பேச எனக்கு வாய் வராது சித்தி. வெள்ளிக்கெழம உக்காருன்னா உக்காந்துருவேன்" என்றாள்.

உன்மேல் கோபமா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளுக்கு நீ நாலு வரி எழுது. தப்பு என்றுகூட எழுத வேண்டாம். சாப்பிட்டாயா என்று எழுது, போதும்.

செல்வி


உ
அருப்புக்கோட்டை
5-8-1997

தங்கச்செல்விக்கு,

தந்தியும் கிடைத்தது, கடிதமும் கிடைத்தது. தந்தி வருவதற்கு முன்னால் ஊரிலுள்ள கிணற்றையெல்லாம் அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அது உங்கள் இருவருக்கும் தெரியட்டும்.

நான் செய்தது தப்பு என்று என் வாயிலிருந்து வராது. பெண்ணைப் பெற்றவள் கையைக் கட்டிக்கொண்டு ஒரு வருடம் உட்கார்ந்திருப்பாளா? நீ பெற்றிருந்தால் உட்கார்ந்திருக்கமாட்டாய். காத்திரு, காத்திரு என்று எழுதினாயே, காத்திருக்கிற பெண்ணை இந்த ஊர் என்ன பேசும் என்று உன் பாடத்தில் இருந்ததா?

அவளை அங்கேயே வைத்துக்கொள். கூப்பிட வரமாட்டேன். வெறும் வயிற்றில் காப்பி கொடுக்காதே, குமட்டும். வெயிலில் அலைய விடாதே. புது இடத்தில் தூக்கம் வராது, கொஞ்ச நாள் உன் பக்கத்தில் படுக்க வை.

அவள் முகத்தில் இனி யாரும் ஊசி வைக்கக் கூடாது. உன் டாக்டரம்மாவும் கூடாது, சர்டிபிகேட் வாங்கப்போகிற நீயும் கூடாது. அந்த ஒரு வருடம் முடிந்தாலும் கூடாது. அவளாக வாய் திறந்து கேட்டால் மட்டும்தான். கேட்காவிட்டால் அப்படியே இருக்கட்டும்.

நீ இனி எனக்கு எழுத வேண்டாம். உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தினமும் படித்துத் தெரிந்துகொள்ள எனக்குத் தெம்பில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அவள் கையெழுத்தாக இருந்தால் வாங்கிக்கொள்வேன். என்னைத் திட்டித்தான் எழுதுவாள் என்றால், தடுக்காதே. எழுதச் சொல்.

சண்முகவடிவு