ஒன்பதாவது ஃபங்ஷன்

மார்ச் 4, செவ்வாய்

எண்ணி முடித்தேன். கோப்பில் எழுதுவதற்கு மட்டும் பரிசோதனைக் கூடங்களுக்கான எங்கள் மென்பொருளில் பதினொரு ஃபங்ஷன்கள், அதாவது நிரல் துண்டுகள். வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்று, ஃபோல்டர் இல்லையென்றால் தானே உண்டாக்கும். இன்னொன்று கேட்காமல் கொள்ளாமல் பழைய கோப்பை அழித்துவிட்டு எழுதும். எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும். “ரெண்டு நாள் வேலைதானே” என்றார் மேனேஜர். சொல்கிறவருக்கு வாயா வலிக்கப் போகிறது.

மார்ச் 6, வியாழன்

ஐந்து ஒழிந்தன. கழுத்து வலி.

மார்ச் 11, செவ்வாய்

ஒன்பதாவது ஒரு தனிப் பிறவி. எழுத முடியாமல் போனாலும் ‘சேமிக்கப்பட்டது’ என்றே திரையில் காட்டும். பிழைச் செய்தி வந்தால் வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள் என்று யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சேமிப்பது இதுதான்.

பார்த்ததும் பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்தேன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து கடிதம் வந்தது. சில முடிவுகளைக் காணவில்லை, அங்கே வேலை செய்யும் பெண் பதிந்தேன் என்று சாதிக்கிறார், பார்த்துச் சொல்லுங்கள் என்று. நான்தான் பதில் போட்டேன். ‘எங்கள் பக்கம் பிழை எதுவும் பதிவாகவில்லை. ஊழியர் மறந்திருக்கலாம்.’

பதிவாகவில்லைதான். எப்படிப் பதிவாகும்? பிழைகளைக் குறித்து வைப்பதும் இதே ஒன்பதாவது, இதே டிஸ்க்கில். டிஸ்க் நிரம்பினால் முடிவும் போகும், போனதற்கான குறிப்பும் போகும். வேலிக்கு ஓணான் சாட்சி. இதுகூடத் தோணலியே எனக்கு — பதினாலு வருஷமா என்னத்தக் குப்பை கொட்டினேன்?

மார்ச் 12, புதன்

டிஸ்க்கை வேண்டுமென்றே நிரப்பிப் பார்த்தேன். ‘சேமிக்கப்பட்டது.’ கோப்பில் ஒன்றுமில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். “சரி பண்ணிடுங்க, அடுத்த வெர்ஷன்ல போயிடும். பழசக் கிளறாதீங்க.”

“அந்தப் பொண்ணு?”

“அது அவங்க ஆபீஸ் விஷயம்மா.”

மார்ச் 13, வியாழன்

பரிசோதனைக் கூடத்துக்கு உண்மையை எழுதப் போவதாகச் சொன்னேன். “உன் வேலைக்கே ஆபத்து வந்துட்டா?” என்றார் கணவர். வந்தால் வரட்டும் என்றேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

பரிசோதனைக் கூடத்துக்கு எழுதினேன். தவறு எங்கள் மென்பொருளில். உங்கள் ஊழியர் மறக்கவில்லை. முன்பு அப்படிப் பதில் எழுதியவள் நான். என் பெயரைப் போட்டு அனுப்பினேன், மேனேஜருக்கும் ஒரு நகல்.

மார்ச் 18, செவ்வாய்

பதினொன்றும் ஒன்றாகிவிட்டன. எழுத முடியாவிட்டால் இனி வாய்விட்டுச் சொல்லும். மேனேஜர் என்னிடம் பேசுவதில்லை. சந்தோஷமா? இல்லை. களைப்புதான்.

மார்ச் 20, வியாழன்

அந்தப் பெண் போன் செய்தார். அப்போதே வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார்களாம். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்களாம். மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை.

“வேலை போனதுகூடப் பரவால்லைங்க. நானே மறந்துட்டேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அடுப்ப அணைச்சேனான்னு நாலு தடவ போய்ப் பாப்பேன். மூளைல ஏதாவதான்னு டாக்டர்கிட்டகூடப் போனேன்.”

“நீங்க மறக்கலங்க” என்றேன்.

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார்.

சொன்னேன்.