ஒரே மாத்திரை, இரண்டு அட்டை

அன்புக் குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம், என் இடது கை மட்டும் மாவுக்கட்டில் இருக்கிறது. நீ சுகமாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. புது ஊரில் எந்த டாக்டரிடம் பதிந்துகொள்வது என்று கேட்டிருந்தாய். நடந்ததைச் சொல்கிறேன், பதில் அதற்குள் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்கு முன்னால், நம் இஸ்திரிக் கடையில் உன் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. தையல்காரர் வந்து சட்டை ரெடியா என்று கேட்டதுதான் தாமதம், மேஜையைத் தாண்டிப் போய் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இழுக்கப் போன என்மேல் சூடான இஸ்திரிப் பெட்டி பறந்து வந்தது, முகத்துக்கு வந்ததைக் கையால் தடுத்தேன், எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. தையல்காரருக்குத் தலையில் ஆறு தையல், ஊருக்கே தைக்கிறவரை அன்றைக்கு வேறு யாரோ தைத்தார்கள். அப்புறம் பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த இனிப்புத் தேநீரைக் குடித்துவிட்டு, உன் கைக்கு என்ன ஆச்சு என்று அப்பா என்னையே கேட்கிறார். எட்டு மாதத்தில் இது நாலாவது தடவை.

கட்டுப் போட்ட இடத்தில்தான் ஒரு பொது மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர் என்று ஓடியவர்கள் நாங்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஒரு டாக்டர் சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டினால் மனசு புண்படுமாம், அதனால் அப்பா தனித்தனிப் பையாக வைத்திருந்தார். வீட்டில் இருக்கிறவர்களைத் தவிர யார் மனசும் புண்படக் கூடாது அவருக்கு. டாக்டரம்மா எல்லாப் பையையும் மேஜையில் கொட்டி, இரண்டு அட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘பேருதான் வேற, மருந்து ஒண்ணுதான், ரெட்டிப்பா முழுங்கறீங்க, சர்க்கரை திடீர்னு இறங்கினா புத்தி நிலையில இருக்காது’ என்றார். அப்பா அழுதுவிட்டார். பாத்தியா, நான் இல்ல, மாத்திரைதான் என்றார். எனக்கும் நெஞ்சு லேசானது.

அவரை ரத்தப் பரிசோதனைக்கு வெளியே அனுப்பிவிட்டு, டாக்டரம்மா என் தோளெலும்பில் இருக்கும் பழைய முண்டைத் தொட்டுப் பார்த்தார். ‘மாத்திரை எட்டு மாசமாத்தானே, இது எப்ப உடைஞ்சது?’ இத்தனை வருடத்தில் ஒரு டாக்டரும் கேட்டதில்லை. படியில் விழுந்தேன் என்றேன். அவர் எழுதவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை தனியாக வாங்க என்றார். எனக்கு அவர்மேல் அப்படிக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அது யார்மேல் வந்த கோபம் என்று தெரிந்தது. போகப் போகிறேன், உள்ளதைச் சொல்லப் போகிறேன். கிளம்புவதற்கு என் துணிப்பை தையல்காரர் வீட்டில் தயாராக இருக்கிறது, நீ பயப்படாதே.

நோய் நொடி அண்டாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் முதுகில் இருக்கும் சூட்டுத் தழும்பைப் பார்த்தால் எப்படி வந்தது என்று கேட்கிற டாக்டராகத் தேர்ந்தெடு. கேட்டால், ஏழு வயதில் நான் உனக்கு மனப்பாடம் பண்ணி வைத்ததைச் சொல்லாதே. இஸ்திரிப் பெட்டி அப்பா கைதவறி விழவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
அம்மா